கூலி தெரியும் தையலும் கூலி தெரியாத தையலும்

1. கேள்வி

பொழுதுபோக்காகத் தைக்கத் தொடங்கிய பெண் அதையே சிறுதொழிலாக வளர்த்துக்கொண்ட கதைகள் தமிழ் இதழ்களுக்குப் புதியவை அல்ல. முதலில் குழந்தைக்கு ஒரு கவுன், பிறகு பக்கத்து வீட்டுக்கு ஒரு ஜாக்கெட், அப்புறம் கண்காட்சியில் ஒரு ஸ்டால், கடைசியில் பத்துப் பேருக்கு வேலை என்று அவை ஒரே தடத்தில் போகும். முதலீடு எவ்வளவு, மாத வருமானம் எவ்வளவு என்று கட்டம் கட்டிப் போடுவார்கள். அந்த வருமானம் எத்தனை மணிநேர உழைப்புக்கானது என்பது மட்டும் கட்டத்துக்குள் அநேகமாக இராது.

ஒரே பெண், ஒரே மெஷினில், காலையில் வாடிக்கையாளர் கொடுத்த ஜாக்கெட்டையும் மாலையில் தானே வடிவமைத்த ஒட்டுத்துணிப் பையையும் தைக்கிறார் என்று கொள்வோம். ஜாக்கெட்டை யாரும் கைவினை என்று சொல்வதில்லை. அந்தப் பெயரும் பாராட்டும் புகைப்படமும் பைக்குத்தான். ஆனால் மணிக்கணக்கில் பார்த்தால் பல சமயம் ஜாக்கெட்தான் கூடுதலாகக் கொடுக்கிறது. பாராட்டப்படும் தையல் ஏன் குறைவாகச் சம்பாதிக்கிறது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. தமிழ்நாட்டுச் சூழலே மையம். தேவைப்படும் இடங்களில் வெளியிலிருந்தும் சான்றுகளை எடுத்துக்கொள்கிறேன்.

2. இதுவரை சொல்லப்பட்டவை

இந்தப் பொருள் குறித்த பார்வைகளை மூன்று போக்குகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, மெஷினைக் கொண்டாடும் போக்கு. ஐசக் சிங்கர் 1851இல் காப்புரிமை பெற்ற தையல் இயந்திரம், தவணை முறை விற்பனையின் துணையோடு உலகெங்கும் வீடுகளுக்குள் நுழைந்தது. இலங்கையில் சிங்கர் 1877இலேயே கடை திறந்துவிட்டது. இயந்திரங்களைக் கடுமையாக விமர்சித்த காந்தி 1924இல், விதிவிலக்கு தரத் தகுந்த இயந்திரம் என்று சிங்கரின் தையல் மெஷினைக் குறிப்பிட்டார். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சலிப்பதைப் பார்த்து அன்பினால் சிங்கர் அதை உருவாக்கினார் என்பது அவர் சொன்ன காரணம். ஒரே காலத்தில் பல குடும்பங்கள் நடத்திய சிங்கரின் வாழ்க்கையை அறிந்தவர்கள் இந்த அன்புக் கதையைக் கேட்டுச் சிரிக்கத்தான் செய்வார்கள். இருந்தாலும் மெஷினை வீட்டோடும் பாசத்தோடும் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு இது நல்ல சான்று. நம் ஊர்களில் தையல் மெஷின் சீர்வரிசையில் இடம்பெற்றதும் அரசு நலத்திட்டத்தில் இடம்பெற்றதும் இந்த நம்பிக்கையின் நீட்சிதான். கைம்பெண்கள், கணவனால் கைவிடப்பட்டவர்கள், ஆதரவற்றோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கான சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம், மெஷின் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற கணிப்பின் மீது நிற்கிறது.

இரண்டாவது போக்கு இதற்கு நேர் எதிரானது. மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட, ஆந்திரத்தின் நரசாப்பூர் லேஸ் தொழிலாளர்களைப் பற்றிய நூல் இத்துறையில் இன்றும் தவிர்க்க முடியாதது. மேற்கு கோதாவரிப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து பின்னிய லேஸ் உலகச் சந்தைக்குப் போனது. வியாபாரமோ ஆண்கள் கையில் இருந்தது. பின்னியவர்கள் தொழிலாளர்களாக அல்லாமல், சும்மா இருக்கும் நேரத்தில் ஏதோ செய்யும் இல்லத்தரசிகளாகவே கருதப்பட்டார்கள். அந்தக் கருத்தே கூலியை அடிமட்டத்தில் வைத்திருந்தது என்றார் மீஸ். அந்த லேஸ் கலை மிஷனரிகள் வழியாக வந்தது என்பது நமக்கும் பழக்கமான வரலாறு. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் லேஸ் பின்னலைப் பெண்களுக்குக் கற்பித்தார். அவர் மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது அதே வேலையை அங்கும் கொண்டுவந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்காகக் கால்டுவெல்லை நினைவுகூர்கிறவர்கள், அதே ஊரில் பெண்களின் விரல்களில் நடந்த இந்த இன்னொரு வரலாற்றைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

மூன்றாவது, அன்றாடத் தொழில்நுட்பத்தின் வரலாற்றை எழுதியவர்களின் பார்வை. இந்தியாவைப் பற்றி டேவிட் ஆர்னால்டும் (2013), இலங்கையைப் பற்றி நிரா விக்கிரமசிங்கவும் (2014), ஜப்பானைப் பற்றி ஆண்ட்ரூ கார்டனும் (2011) எழுதிய நூல்களைச் சேர்த்துப் படித்தால் ஒன்று துலங்குகிறது. வீட்டுத் தையலுக்கும் கூலித் தையலுக்கும் நடுவில் திட்டமான எல்லைக்கோடு எங்குமே இருந்ததில்லை. தன் குடும்பத்துக்குத் தைத்த அதே மெஷினில்தான் பெண்கள் அடுத்தவருக்கும் தைத்தார்கள்.

மூன்றும் பயனுள்ளவை. ஆனால் முதல் போக்கு கூலியைக் கேட்பதில்லை. இரண்டாவது, எல்லா வீட்டுத் தையலையும் ஒரே சுரண்டலாகப் பார்க்க வைத்துவிடுகிறது. மூன்றாவது, எல்லை இல்லை என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. ஜாக்கெட்டுக்கும் பைக்கும் இடையிலான வித்தியாசத்தை இவற்றில் எதுவும் விளக்கவில்லை.

3. இரண்டு கணக்குகள்

கீழே வரும் தொகைகள் எடுத்துக்காட்டுக்காகப் போடப்பட்டவை. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு மாறும். விகிதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சிறு நகரம் ஒன்றில் லைனிங் வைத்த ஜாக்கெட்டுக்கு 350 ரூபாய் என்று வைப்போம். வாடிக்கையாளர் ஜாக்கெட் துணியையும் அளவு ஜாக்கெட் ஒன்றையும் கொண்டுவந்து கொடுக்கிறார். லைனிங் துணியை நனைத்துக் காயவைத்துத் தேய்க்க வேண்டும். அளவு ஜாக்கெட்டை மடித்து வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டு, 'கை கொஞ்சம் டைட், கழுத்து ஒரு இன்ச் இறக்கம்' என்று வந்தவர் சொன்னதை நினைவில் வைத்து வெட்ட வேண்டும். லைனிங்கையும் மேல்துணியையும் நகராமல் பிடித்து ஓட்டி, டக் பிடித்து, கழுத்துக்குப் பைப்பிங் வைத்து, கை ஏற்றி, பக்கம் மூட்டி, பிறகு மெஷினை விட்டு எழுந்து கையில் ஊசியோடு உட்கார்ந்து ஹெம்மிங்கும் கொக்கியும். மொத்தம் நாலு மணிநேரம். லைனிங் 70, நூல் கொக்கி பைப்பிங் 20 போக மிச்சம் 260. மணிக்கு 65 ரூபாய்.

இனிப் பை. திருப்பூர் கட்டிங் துணிகளையும் பழைய கைத்தறிப் புடவையின் முந்தானையையும் இணைத்துத் தைத்த, ஜிப் வைத்த தோள்பை. விலை 300. துணி, லைனிங், ஜிப் 75, பேக்கிங் 15, கூரியர் 50. மிச்சம் 160. நிறம் பார்த்துத் துண்டுகளைப் பொருத்துவதற்கு ஒன்றரை மணி, தைக்க இரண்டு மணி. வெளிச்சம் பார்த்துப் படம் எடுத்து, 'இதே மாடல் நீலத்தில் கிடைக்குமா' என்று கேட்பவர்களுக்கெல்லாம் பதில் எழுதி, கூரியர் ஆபீசுக்குப் போய்வர ஒரு மணி. நாலரை மணிக்கு 160 என்றால் மணிக்குச் சுமார் 35.

நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26க்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். எட்டு மணிக்கு வகுத்தால் 42. ஜாக்கெட் அதற்கு மேலே நிற்கிறது, பை கீழே. பை விற்காமல் தங்கிவிட்டால் வரும் நஷ்டமும், கண்காட்சிக்குக் கட்டும் ஸ்டால் வாடகையும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

துணிப்பையின் எல்லை எங்கே என்பதற்கு அரசின் மஞ்சப்பையே அளவுகோல். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. கோயம்பேடு சந்தையில் 2022இல் வைக்கப்பட்ட தானியங்கி இயந்திரம் 10 ரூபாய்க்கு ஒரு மஞ்சப்பை கொடுத்தது. பத்து ரூபாயில் துணியும் அச்சும் போகத் தையலுக்கு 2 ரூபாய் ஒதுங்கும் என்றே வைத்துக்கொண்டாலும், மணிக்கு 42 ரூபாய் கிடைக்க 21 பை தைக்க வேண்டும். இரண்டு பக்கமும் மூட்டி, வாயை மடித்து அடித்து, கைப்பிடியின் நாலு முனையிலும் குறுக்குத் தையல் போடுவதற்கு ஒரு பைக்கு மூன்று நிமிடம்கூட முழுசாகக் கிடையாது. இது பவர் மெஷின் வரிசையில் ஆளுக்கொரு மூட்டாகப் பிரித்துச் செய்கிற வேலை. வீட்டில் தைப்பவர் இந்தப் போட்டிக்குள் போகவே கூடாது என்பது என் கருத்து. ஆனால் துணிப்பை என்றதுமே வாங்குபவர் மனதில் எழும் விலை இந்தப் பத்து ரூபாயிலிருந்துதான் தொடங்குகிறது.

4. துணி யாருடையது?

ஜாக்கெட் ஏன் கூடுதலாகத் தருகிறது? உடம்புக்கு அளவெடுத்துத் தைக்கும் பொருளில் தொழிற்சாலை எளிதில் போட்டிக்கு வர முடியாது என்பது ஒரு காரணம். ரெடிமேட் பிளவுஸ் வந்தும் அளவு ஜாக்கெட்டோடு வீட்டுவாசலில் வந்து நிற்பவர்கள் குறையவில்லை.

இன்னொரு காரணம் அவ்வளவு வெளிப்படையானது அல்ல. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. ஜாக்கெட்டுக்குத் துணி வாடிக்கையாளருடையது. ஆகவே அவர் கொடுக்கும் பணம் முழுக்கத் தையல் கூலி என்பது இரு தரப்புக்கும் தெரியும். பேரம் நடந்தாலும் உழைப்பைப் பற்றித்தான் நடக்கும். 'லைனிங் இருக்கு, பாட் நெக் வேற' என்று சொல்லி ஐம்பது கூட்டிக் கேட்க முடியும். பையின் கதை அப்படியல்ல. அங்கே உழைப்பு பொருளுக்குள் போய் மறைந்துவிடுகிறது. வாங்குபவர் கண்ணுக்குத் தெரிவது ஒரு பை. அதை அவர் சௌகார்பேட்டை மொத்த விலைப் பையோடும் கைபேசியில் வரும் தள்ளுபடி விலைப் பையோடும் ஒப்பிடுகிறார். 'துண்டுத் துணியில் தைத்ததுதானே' என்று மூலப்பொருளை வைத்து மதிப்புப் போடுகிறார். துண்டுத் துணி என்பதால்தான் வேலை இரட்டிப்பாகிறது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

துணி அடுத்தவருடையதாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. நரசாப்பூரிலும் நூல் வியாபாரியுடையதுதான். கூலி எவ்வளவு என்று பின்னியவருக்குத் தெரியும். தெரிந்தும் அது உயரவில்லை. தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கான விலையில்லாச் சீருடையை, சமூக நலத்துறையின் கீழ் இயங்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்கள் தைக்கிறார்கள். அங்கும் துணி வேறிடத்திலிருந்து வருகிறது, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி எழுத்திலேயே இருக்கிறது. ஆனால் கொடுப்பவர் ஒருவரே. ஜாக்கெட் தைப்பவருக்கோ ஒரு தெருவே வாடிக்கை. ஒருவர் குறைத்துக் கேட்டால் இன்னொருவர் வருவார். கூலி கண்ணுக்குத் தெரிவதும் கொடுப்பவர் பலராக இருப்பதும் சேர்ந்துதான் ஜாக்கெட்டுக்கு அந்த மணிக்கூலியைத் தருகின்றன.

5. உழைப்பைக் காட்டும் வழிகள்

பொருளுக்குள் மறைந்த உழைப்பை மீண்டும் வெளியே கொண்டுவர முடியுமா? இதற்கு நம்மிடையே சில முயற்சிகள் உண்டு.

ஆரி வேலை ஒன்று. ஃபிரேமில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியை மேலிருந்து இறக்கி, துணிக்கு அடியில் பிடித்த நூலை மேலே இழுக்கும் வேலை. மணப்பெண் ஜாக்கெட்டின் முதுகில் பதித்த கல்லையும் மணியையும் பார்க்கிற எவருக்கும் அதில் எத்தனை பொழுது போயிருக்கும் என்று தோன்றிவிடும். உழைப்பு மேல்பரப்பிலேயே இருப்பதால்தான் ஆயிரக்கணக்கில் கேட்க முடிகிறது. ஆனால் இன்று ஆரி வகுப்பு இல்லாத ஊர் அரிது. கற்றவர்கள் பெருகப் பெருக விலை இறங்குகிறது. கம்ப்யூட்டர் எம்பிராய்டரி பக்கத்தில் வந்து நிற்கிறது. இந்த அலையில் நிதானமான வருமானம் பார்ப்பவர்கள் தைப்பவர்களைவிடக் கற்றுக்கொடுப்பவர்களே என்று எண்ண இடமிருக்கிறது.

நீலகிரித் தோடர் பூத்தையல் இன்னொரு வழி. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால், மாதிரி எதையும் வரையாமல், நெசவு இழைகளை எண்ணி எண்ணித் தோடர் பெண்கள் தைப்பது. 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே உழைப்புக்கு ஓர் இனத்தின் பெயரும் இடத்தின் பெயரும் காவல். தர்மபுரி மாவட்டம் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள், கைவிட்டுப் போயிருந்த தங்கள் எம்பிராய்டரியை மூத்த பெண்களிடம் மறுபடி கற்று, 'போர்கை' என்ற கைவினைச் சங்கமாகச் சேர்ந்து துணிகளும் வீட்டுப் பொருள்களும் செய்து விற்கிறார்கள். இந்த இரண்டிலும் தனி ஒரு பெண் விலை சொல்ல வேண்டியதில்லை. அவருக்காகக் குழு சொல்கிறது.

மூன்றாவது வழி விசித்திரமானது. 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லின் உபாசனா அமைப்பு, கடலோர மீனவப் பெண்களுக்குக் கழிவுத் துணியில் விரல் நீளப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. அந்தச் 'சுனாமிகா' பொம்மை விற்கப்படுவதில்லை, பரிசாகவே தரப்படுகிறது. செய்தவருக்கான கூலி நன்கொடையிலிருந்து வருகிறது. பொருளின் விலையையும் உழைப்பின் கூலியையும் முழுசாகப் பிரித்துவிட்ட ஏற்பாடு இது. பேரழிவின் இரக்கத்தில் பிறந்த ஏற்பாட்டை எல்லா ஊரிலும் நட்டுவைக்க முடியாதுதான். ஆனாலும் சந்தை விலையிலிருந்துதான் கூலி பிறக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு இது சாட்சி.

6. 'சும்மா இருக்கும் நேரம்தானே'

இதுவரை சொன்னதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மணிக்கூலியைக் கணக்கிடுவதே தவறு. அந்தப் பெண் வேறு வேலைக்குப் போகப்போவதில்லை. வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் கிடைப்பது எதுவும் லாபம்தான். அதோடு அவருக்குத் தையல் பிடிக்கும், அந்த மகிழ்ச்சிக்கு விலை உண்டா என்பது அந்த மறுப்பு.

முதல் பகுதிக்குப் புள்ளிவிவரமே பதில். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்கு 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணிநேர வீட்டு வேலைக்கு மேல்தான் தையல் வந்து உட்காருகிறது. குக்கர் விசிலுக்கும் பள்ளி வேனுக்கும் இடையில் பிய்த்தெடுத்த அரைமணிகள் அவை. 'சும்மா' என்பதற்கு அதில் இடமே இல்லை.

மகிழ்ச்சி பற்றிய வாதத்தை அப்படித் தள்ளிவிட மாட்டேன். பெண்மை என்ற வார்ப்பைப் பூத்தையல் வழியாகப் பெண்கள் மேல் ஏற்றியது எப்படி என்று ஆராய்ந்த ரோசிகா பார்க்கர் (1984), அதே ஊசி அவர்களுக்கு இன்பமும் எதிர்ப்புக் கருவியுமாக இருந்ததையும் எழுதினார். பிடித்த வேலையைக் குறைந்த விலைக்குச் செய்ய ஒருவருக்கு உரிமை உண்டு. சிக்கல் அவரோடு நிற்பதில்லை. குடும்பத்தில் வேறு சம்பளம் வருகிற ஒருவர், கை சும்மா இருக்க வேண்டாமென்று 300 ரூபாய்க்குக் கொடுக்கும் பை, அரசு தந்த இலவச மெஷினில் பிழைப்பு நடத்தும் கைம்பெண்ணின் பைக்கும் விலை நிர்ணயித்துவிடுகிறது. பொழுதுபோக்கிலிருந்து தொழிலுக்கு வருபவர்களைப் பாராட்டும் எழுத்துகள் தொடாத இடம் இது. ஒருவரின் ஆசை இன்னொருவரின் கூலியைக் குறைக்கிறது, இருவருக்கும் தெரியாமலே.

7. ஆர்டர் பெருகும்போது

மணிக்கூலி குறைவாக இருந்தால் எண்ணிக்கையைக் கூட்டு என்பது வழக்கமான ஆலோசனை. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு எட்சி இணையச் சந்தையின் வரலாறு உதாரணம். 2005இல் நியூயார்க்கின் புரூக்ளினில், கையால் செய்த பொருள்களுக்கென்று தொடங்கப்பட்டது. ஆர்டர் பெருகிய விற்பனையாளர்களுக்கு இரண்டு கை போதவில்லை. 2013இல் விதியைத் தளர்த்தி, வெளியார் உற்பத்திக் கூடங்களைப் பயன்படுத்தவும் அனுமதித்தார்கள். 2015இல் நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போனது. 2022இல் விற்பனைக் கட்டணத்தை 5 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக்கியபோது விற்பனையாளர்கள் பலர் ஒரு வாரம் கடையை மூடிப் போராடினார்கள். கையால் செய்தது என்ற பெயருக்குக் கிடைத்த மதிப்பு, அந்தக் கைகளைவிட்டுச் சந்தை நடத்துபவரிடம் போய்ச் சேர்ந்தது.

நம் ஊரில் பெருக்கம் இன்னும் எளிய வடிவில் நடக்கும். நாற்பது தாம்பூலப் பைக்கு ஆர்டர் கேட்டவர் நானூறு கேட்பார். தைப்பவர் பக்கத்துத் தெருப் பெண்கள் நாலு பேருக்கு வெட்டிய துணியைக் கொடுத்து உருப்படிக்கு இவ்வளவு என்று பேசுவார். தன் மணிக்கூலியைக் கணக்கிடாதவர் அவர்களுடையதையா கணக்கிடப்போகிறார்? மீஸ் கண்ட நரசாப்பூரின் சிறு வடிவம் அங்கே உருவாகிவிடுகிறது, கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லாமலே. வரியை இந்தக் குறைந்த கூலிக்குக் காரணமாகச் சொல்ல முடியாது. பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை; 2023 அக்டோபர் முதல் மாநிலத்துக்குள் இணையச் சந்தையில் விற்கவும் பதிவில்லாமல் வழி செய்யப்பட்டிருக்கிறது.

அகமதாபாத்தில் மில் கழிவான துண்டுத் துணியை, அதாவது 'சிந்தி'யை, இணைத்து ரஜாய் உறை தைத்த முஸ்லிம் பெண்களின் போராட்டம் இங்கே பொருத்தமானது. 1972இல் தொடங்கிய, சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவாவில் சேர்ந்து அவர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். வியாபாரிகள் துண்டுத் துணி கொடுப்பதை நிறுத்திப் பழிவாங்கினார்கள். அதன் பிறகே, துணியைத் தாங்களே வாங்கித் தைத்து விற்க 'சபீனா' கூட்டுறவை அமைத்தார்கள். சேவாவை நிறுவிய எலா பட் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். உருப்படிக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசியதில்தான் அந்தப் போராட்டம் தொடங்கியது. வடிவமைப்பும் விளம்பரமும் அங்கே பேச்சாகவே இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கான உலகத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை 1996இல் வந்ததற்குப் பின்னாலும் இத்தகைய சங்கங்களின் உழைப்பு இருக்கிறது. இந்தியா அதை ஏற்புறுதி செய்யவில்லை.

8. விலைப் பலகை

தமிழ்நாட்டில் தையல் கடைகள் சிலவற்றில் தையற்கலைஞர் சங்கம் அச்சிட்ட கூலிப் பட்டியல் தொங்கும். பேன்ட், சட்டை, ஜாக்கெட், சுடிதார் என்று வரிசையாக. பேரம் பேச வருபவரிடம் கடைக்காரர் வாயால் எதுவும் சொல்லத் தேவையில்லை, சுவரைக் காட்டினால் போதும். தையல் தொழிலாளர்களுக்கென்று நல வாரியமும் இருக்கிறது. வீட்டில் தைக்கும் பெண்களிடம் இந்தப் பலகை அநேகமாக இல்லை. காரணங்கள் சில்லறையானவைபோலத் தெரியும்: பலகை மாட்டினால் வீட்டு மின் இணைப்பைக் கடைக் கணக்குக்கு மாற்றிவிடுவார்களோ, வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டுவாரோ, தெரிந்தவர்கள் 'என்னக்கா, எங்கிட்டயுமா?' என்று முகம் சுளிப்பார்களோ. வாடிக்கையாளரில் பாதிப் பேர் உறவும் அண்டையுமாக இருக்கும் தொழிலில் கடைசிப் பயம்தான் பெரியது.

ஜாக்கெட்டுக்காவது எழுதப்படாத ஒரு தெரு விலை உண்டு. இந்தத் தெருவில் லைனிங் ஜாக்கெட் இவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரியும். தீபாவளிக்கு முன்னால் ஒருவர் ஐம்பது ஏற்றினால் மற்றவர்களும் ஏற்றிவிடுவார்கள். ஒட்டுத்துணிப் பைக்கும் துணிப் பொம்மைக்கும் அப்படி ஒன்று இன்னும் உருவாகவில்லை. அவற்றைச் செய்பவர்கள் ஒரே தெருவில் இல்லை. கண்காட்சியில் அடுத்தடுத்த மேசையில் சந்தித்தாலும் பொருள் பற்றிப் பேசுகிறார்களே தவிர, ஒன்றைத் தைக்க எத்தனை மணி ஆகிறது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில்லை. தையல் பயிற்சிகள் வெட்டும் முறைக்குத் தரும் இடத்தில் கொஞ்சத்தை விலை போடும் முறைக்குத் தந்தால், ஒவ்வொரு உருப்படிக்கும் தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் குறிக்க ஒரு நோட்டை மெஷினோடு சேர்த்துக் கொடுத்தால், செலவு பெரிதாக இராது. அந்த நோட்டு இல்லாதவரை, 'எதிர்த்த ஸ்டால்ல 250க்கே குடுக்கறாங்களே' என்று கேட்பவருக்குச் சொல்லப் பதில் எதுவும் கையில் இருக்காது.